அது வளைவு வாந்தி இல்லை

போன வருஷம் ஐப்பசி மழையில், போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. விடிந்ததும் ஜீப்பில் ஏறி, மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சின்னச் சுரப்பி அது. அது சுரக்க வேண்டியதை நான் தினமும் மாத்திரையாக விழுங்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாடு! உடம்பு மெலிந்தது. ஈறுகூடக் கருத்தது. சமையல்கட்டுக்குப் போனால் உப்பை அள்ளி நக்குவேன். பார்த்தவர்கள் எல்லாம் வெயிலில் கருத்துவிட்டேன் என்றார்கள். ஏலக்காட்டு நிழலில் எங்கே வெயில்? கடைசியில் மதுரை டாக்டர்தான் நோயைப் பிடித்தார். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று காலை எனக்கு லேசான காய்ச்சல். அவர் சொன்னபடி இரட்டை மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலைந்து வளைவு தாண்டியதும் வாந்தி வந்தது. எங்கள் ஜீப்பில் வாந்தி ஒரு விஷயமே இல்லை. தினமும் யாராவது ஒருத்தி எடுப்பாள், பக்கத்தில் இருப்பவள் எலுமிச்சம்பழத்தை நீட்டுவாள், வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்கும் பழம் வந்தது. இன்னொரு மாத்திரை விழுங்கினேன். அதுவும் வெளியே வந்தது. கால் துவண்டு, கண் இருட்டியது. பயந்துபோனேன்.

"அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

"வளைவுக்கு வர்ற வாந்திதானத்தா. மெட்டுக்குப் போயிட்டா சரியாயிரும்" என்றார் டிரைவர். நேரமாகிறது என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு வேறு.

"இது வளைவு வாந்தி இல்லண்ணே. ஊசி போடாட்டி செத்துருவேன். நிப்பாட்டுங்க!"

கத்தின கத்தில் வண்டி நின்றது. தட்டுத்தடுமாறி இறங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் இறங்கிவிட்டாள். முகம் மட்டும்தான் பழக்கம், அதுவரை பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. "நீங்க போங்கண்ணே. இன்னைக்குச் சோலி போனாப் போகுது" என்று ஜீப்பை அனுப்பிவிட்டாள்.

நான் தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டேன். சேலைக்கு மேலே போட்டிருந்த பழைய ஆம்பளைச் சட்டையோடு அவள் நடுரோட்டில் நின்று, மேலேயிருந்து மூட்டை ஏற்றி வந்த ஒரு ஜீப்பை மறித்தாள். மூட்டைகளுக்கு நடுவே என்னைக் கிடத்தினார்கள். எனக்கோ நினைவு தப்புவதும் வருவதுமாக இருந்தது. அட்ரினல் வேலை செய்யாததையும் ஊசியின் பெயரையும் அவளிடம் சொன்னேன். "நான் பேச்சுமூச்சில்லாமப் போனாலும் நீ இதச் சொல்லணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

போடி ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மலை ஏறினா வாந்திதான், குளுக்கோஸ் போட்டாச் சரியாயிரும்" என்றது கனவில் கேட்பது போலக் கேட்டது. உடனே அவள் குரல்: "இவளுக்கு அட்ரினல் வேல செய்யாது. ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடணுமாம். வெரசா டாக்டரக் கூப்பிடுங்க!" டாக்டர் ஓடி வந்தார். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. ஊசி ஏறியது.

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தேன். அவள் போகாமல் அங்கேயே இருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குக் கும்புடு? நீ எறங்கலேன்னா நானும் உனக்குப் பழத்த நீட்டிட்டுச் சும்மாதான் இருந்திருப்பேன்" என்றாள்.

உடம்புக்கு என்ன என்று யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லியே பழகின வாய் இது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. என் உயிருக்காக முதலில் நான் இறங்கினால்தான் துணைக்கு இன்னொருத்தி இறங்குவாள் என்பதை, தினமும் காலையில் மாத்திரை விழுங்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.