முனியாண்டி ஒப்புக்கொண்ட பால்

அடையாள அட்டை தொலைந்துபோன புகாரோடு போன வாரம் குனோங் ராபாட்டில் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். என் எண் முப்பத்தேழு. முன்னால் ஒன்பது பேர். பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் எண்ணுவதை விடுவது அபூர்வம்.

அந்தக் காலத்தில் அதே வாடையில் ஒரு லாக்கப் இருந்தது. கோலா கங்சாருக்கு அப்பால், எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சின்னப் பட்டணம். பலகைச் சுவர் நிலையம், ஏழு படி, பதினோரு கம்பி. நான் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. இன்றுள்ள படபடப்பும் எண்ணுகிற பழக்கமும் அன்றே உண்டு.

கம்பிக்குப் பின்னால் பால்வெட்டுக்கார முனியாண்டி அண்ணன். கடைத்தெருவில் பால் டின்கள் களவு போயிருந்தன. சாமான் வாங்கப் போனவரை நிறுத்தி, காலையில் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் வடிவதும் நமக்குப் பால்தானே? அதை அப்படியே மலாயில் போட்டு, "தினமும் சூசு எடுக்கிறேன் துவான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். மலாய்க்காரருக்கு சூசு என்றால் குடிக்கிற பால்.

மறுநாள் காலை கோர்ட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். திருட்டு வழக்கென்றால் தோட்டத்தில் பேர் அடிபடும். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டில் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும். அவரில்லாமல் படியிறங்குவதில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசையிலிருந்த போலீஸ் கோப்ரல் தோட்டப்புறத்தில் வளர்ந்த மலாய்க்காரர்; தமிழ் பேசுவார். "அவனே ஒத்துக்கிட்டான்லா தம்பி. புக்குல எழுதியாச்சி. அடிச்சித் திருத்த முடியாது."

"அடிக்க வேணாம் துவான். ஒரு வார்த்தை சேருங்க."

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார்: "கிராணி, கம்பிய அப்புறம் எண்ணிக்கலாம்! மொதல்ல என்னை வெளிய எடு!"

கம்பிக்கிடையே அவர் கையை இழுத்து, முழங்கை மயிரில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்தேன். "ஐயோ" என்றார். ஒரு சாண் நீட்டிக் காட்டினேன். கோப்ரல் மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, பிடியை விட்டார். என் விரலில் சுளீரென்று அடித்தது.

"இத குடிச்சா வயிறு ஒட்டிக்கும்லா" என்று சிரித்தார். பேனாவைத் திறந்து, 'சூசு' என்பதற்குப் பக்கத்தில் 'கெத்தா' என்று சேர்த்தார்; ரப்பர் என்று பொருள். திருட்டாக இருந்தது பால்வெட்டு வேலையாகிவிட்டது. சாவி இரண்டு சுற்று.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டது நான்தான். "இருக்கேன் கிராணி!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

அந்த மரங்கள் நின்ற இடத்தில் இப்போது வீடுகள். பால்வெட்டு என்றால், "பால எப்படி தாத்தா வெட்டுவாங்க?" என்கிறாள் பேத்தி. நானும் விடுவதில்லை, நான்கு முறை விளக்கியாயிற்று. இழுத்துக் காட்டத்தான் இப்போது யார் கையிலும் பால் ஒட்டியிருப்பதில்லை.