நூற்றெண்பதும், அதற்கு மேல் கொஞ்சமும்

மில்லிங் தொழிலில் பொய் சொல்ல முடியாது என்பார்கள். சொல்லலாம், அது பொய் என்று சொன்னவனுக்கே தெரிவதற்குத்தான் பல வருஷம் ஆகும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மெஷினை இறக்கிவிட்டு, ரசத்தில் இரும்புத்தூள் மிதக்கிறது என்று தினம் திட்டு வாங்குகிற அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பாதி சொல்வதற்குள் மீதி உங்களுக்குப் புரிந்துவிடும். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். இரும்புத் துண்டை ஒரு டேபிளில் இறுக்கி, சுழலும் கட்டருக்குக் கீழே நகர்த்தி, வேண்டிய இடத்தில் வெட்டுவதும் துளைப்பதும்தான் மில்லிங். டேபிளை நகர்த்த ஒரு கைப்பிடி உண்டு. ஒரு சுற்றுக்கு டேபிள் ஐந்து மில்லிமீட்டர் போகும். கைப்பிடியை ஒட்டி ஒரு டயல், அதில் மயிரிழை போலக் கோடுகள். அந்தக் கோடுகளை நம்பித்தான் அடி அண்ணாமலையில் பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தினேன்.

கோடு இரண்டானது

நாற்பத்தாறாம் வயதில் டயலில் ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு தெரிய ஆரம்பித்தது. 2002, 2003 வாக்கில் என்று ஞாபகம். கண்ணாடி வாங்கினேன். குனிந்தால் அது எண்ணெயில் விழுந்தது, நிமிர்ந்தால் வியர்வையில் வழுக்கியது. கண் போகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரருக்குக் கண் மங்கினால் ஊசி கோர்க்க ஆள் கிடைப்பார்கள். மில்லிங்காரனுக்கு மங்கினால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள். பயமாக இருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை உடைக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏழுமலைதான் என் முதல் வாடிக்கையாளர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த ஊரிலிருந்து என்னிடம் வருகிற எல்லோரும் அவர் கைகாட்டி வந்தவர்கள். அவர் மெஷினில் பெல்ட் ஓடும் புல்லி ஒன்றில் பள்ளம் வெட்டும்போது கோட்டை மாற்றிப் படித்துத் தொலைத்தேன். புல்லி வீண். ஏழுமலை சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொத வாட்டி, போவட்டும் மேஸ்திரி. இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா நான் வேலூருக்குப் போயிடுவேன், கோச்சுக்காதீங்க."

தோளில் ஒரு வேண்டுதல்

சென்னையில் ஒரு கடைக்காரர் டிஜிட்டல் ரீடவுட் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். நீளமான கண்ணாடிப் பட்டை ஒன்றை டேபிளோடு பொருத்திவிட வேண்டும். அதில் கண்ணுக்கே தெரியாத கோடுகள். ஒரு சின்னத் தலை வெளிச்சம் பாய்ச்சி அவற்றை எண்ணிக்கொண்டே போகும். டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பெட்டியில் சிவப்பு எண்ணாகக் காட்டும். கட்டை விரல் உயரத்துக்கு எண். ஒரு கூட்டத்தையே எதிரில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம். உடனே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பார்சல் வந்து சேர்ந்தது பௌர்ணமி அன்று. அன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு வண்டியும் வராது. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். மறுநாள் வரை பொறுக்க எனக்கு மனசு இல்லை. லாரி ஆபீசிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்கு இருந்த அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்து, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். உள்ளே கண்ணாடி. இடித்தால் தீர்ந்தது. "பாத்துங்க, பாத்துங்க" என்று நான் சொல்லச் சொல்ல ஜனங்கள் கும்பிட்டு வழி விட்டார்கள். போளூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி கூடவே வந்து, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். கண்ணுக்காக என்றேன்; அது பொய்யும் இல்லை. அவள் பெட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள். "கண்ணுக்குன்னா கண்மலர் வாங்கிச் சாத்துவாங்க. இவ்ளோ நீட்டமா நான் எங்கயும் பாத்தது இல்லீங்க."

காது குத்து

பட்டையைப் பொருத்த மெஷின் உடம்பில் நான்கு துளை போட வேண்டும். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பேர் இரும்பைத் துளைத்திருக்கிறேன், கை நடுங்கியதில்லை. இது என் மெஷின். சாக்பீஸால் குறி போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். கண்ணாடிப் பட்டை டேபிளுக்கு நேராக இல்லாவிட்டால் தலை ஒரு பக்கம் உரசும் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அதைச் சாக்காக வைத்து நான்கு நாள் அளந்துகொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் என் மனைவி சாந்தி டீயோடு வந்தாள். ஒரு கையில் டிரில்லும் மறு கையில் எண்ணெய்க் குப்பியுமாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நான் நின்றதை வாசலிலிருந்தே பார்த்தாள். டீயை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னாள்: "நம்ம பொண்ணுக்குக் காது குத்தனப்போகூட நீங்க இப்பிடி மூஞ்சியைத் திருப்பிக்கல."

ஐந்துக்கு மேல் ஒரு துளி

எல்லாம் பொருத்தி, பெட்டிக்கு உயிர் கொடுத்து, எண்ணைப் பூஜ்யத்தில் வைத்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பெட்டி 5.01 என்றது. ஐந்து என்றல்லவா வர வேண்டும்? இரண்டாவது சுற்று, 10.02. பத்துச் சுற்று, 50.10. டேபிளின் இந்த முனையில் பார்த்தேன், அந்த முனையில் பார்த்தேன், பின்னால் சுற்றிப் பார்த்தேன். எங்கே சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல். ஒரு மெஷின் தப்பு செய்யலாம். இத்தனை ஒழுங்காகத் தப்பு செய்யுமா? சந்தேகம் பிடித்துக்கொண்டது எனக்கு. ஆறு அங்குல வெர்னியர் ஒன்றுதான் கைவசம். அதை வைத்துச் சரிபார்த்தேன். வெர்னியரும் பெட்டியின் கட்சி.

டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூ மெஷினோடு வந்தது அல்ல. பழையது தேய்ந்து போய், பத்து வருஷத்துக்கு முன்னால் டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதர் மஸ்தான் பாய் மரை வெட்டிக் கொடுத்தது. அவரை வரவழைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காட்டினேன். பாய் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேகரு, நான் வெட்டன மரை பத்து வருஷமா தேயாம ஓடுது. நேத்து வந்த பொட்டி பேச்சைக் கேட்டுகினு என்னைக் கூப்ட்டியா?"

விட்டு வந்தவர்

பாய் கோபமாக டீ குடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஹான்ஸ் வந்தார். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, தியானம், சாம்பார், வாடகை சைக்கிள் என்று இரண்டு வருஷமாக இருக்கிற ஜெர்மன்காரர். சைக்கிள் கேரியரின் கால் உடைந்துவிட்டது. எடுத்து வந்தவர், சிவப்பு எண்ணைக் கண்டதும் சைக்கிளை மறந்துவிட்டார். அவரே கைப்பிடியைச் சுற்றினார். ஐந்து புள்ளி பூஜ்யம் ஒன்று. பத்து புள்ளி பூஜ்யம் இரண்டு. பாய் பக்கம் திரும்பி, உங்கள் லேத் அங்குல லேத்தா என்று கேட்டார்.

ஆமாம், பழைய இங்கிலீஷ் லேத் என்றார் பாய். ஹான்ஸ் விளக்கினார். அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமானால் அதற்கென்று ஒரு பல் சக்கரம் வேண்டும், நூற்றிருபத்தேழு பல். அது இல்லாதவர்கள் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற சக்கரங்களைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். பாய் கிளாஸைக் கீழே வைத்தார். அந்தச் சக்கரம் அவரிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கிட்டத்தட்ட என்பதுதான் ஒரு சுற்றுக்கு அந்த ஒரு துளி. மர்மம் விலகியதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பாய்க்கு அவ்வளவு இல்லை. ஊரில் கருவி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்களா என்று ஹான்ஸைக் கேட்டேன். கண்ணை எண்ணிலிருந்து எடுக்காமலே தன் தமிழில் சொன்னார்: "முப்பது வருஷம் இந்த நம்பர் பாத்தேன். வேணாம் சொல்லி இங்க வந்தேன். இங்கயும் வந்துடுச்சு."

பொருந்தாத சரி

அதன் பிறகு டயலைப் பார்ப்பதையே விட்டேன். எண் சொன்னபடி வெட்டினேன். கண் பிரச்சினை தீர்ந்தது, மானம் தப்பியது என்று நினைத்தேன்.

சித்திரையில், மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில், ஏழுமலை வந்தார். அவர் மெஷினில் பேரிங்கைத் தாங்கும் தட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. வாசலில் ஊரார் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. மழை வந்தால் எல்லாம் முளைத்துவிடும். ஏழு வருஷத்துக்கு முன் நான் செய்து கொடுத்த தட்டுதான், வரைபடக் காகிதம்கூட அவரிடம் பத்திரமாக இருந்தது. தட்டில் இரண்டு துளை, நடுவே நூற்றெண்பது மில்லிமீட்டர். மெஷின் சட்டத்தில் நிற்கும் இரண்டு பின்கள் அவற்றில் இறுக்கமாக நுழைய வேண்டும். அவர் கண் முன்னாலேயே 180.00 வரவழைத்துத் துளைத்தேன். இப்படிச் சுத்தமாக வேலூரில் யார் செய்வார்கள் என்றுகூடச் சொன்னேன். அந்த வாய்க்கு என்ன வேண்டுமோ அது மறுநாள் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் தட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு பின் நுழைகிறது. அடுத்தது துளையின் விளிம்பில் நிற்கிறது. அரம் போட்டு ராவலாமா என்று அவரே கேட்டார். ராவினால் தட்டு ஆடும், ஆடினால் பேரிங் போய்விடும். அவருக்கும் அது தெரியும். சாக்கை மடித்துத் தோளில் போட்டார். "தப்பு யாரு பேர்லன்னு நீங்களே சொல்லுங்க மேஸ்திரி. வேலூர் பஸ்ஸு மூணு மணிக்கு."

முப்பத்தாறு சுற்று

எனக்கு அழுகை வந்தது. கண்ணால் கெட்டுப் போயிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். இது பெட்டி சொன்னபடி, ஒரு துளி பிசகாமல் செய்த வேலை. தட்டை மறுபடி மெஷினில் வைத்து அளந்தேன். 180.00. சரியாக இருக்கிற ஒன்று ஏன் சேரவில்லை?

அவர் முதல் நாள் விட்டுப் போயிருந்த பிளந்த பழைய தட்டைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பெட்டி ஏது? கைப்பிடியை முப்பத்தாறு சுற்றுச் சுற்றி, நூற்றெண்பது என்று நம்பித் துளைத்த தட்டு. சட்டத்தில் பின்னுக்கான துளைகளையும் இதே மெஷினில், அதே முப்பத்தாறு சுற்றில் நான்தான் போட்டேன். சுற்றுக்கு ஒரு துளி வீதம் முப்பத்தாறு துளி. இரண்டும் ஒரே அளவுக்குத் தப்பு, அதனால் ஏழு வருஷம் ஒற்றுமையாக இருந்தன. இரண்டு சாட்சி ஒரே பொய்யைச் சொன்னால் வழக்கு நிற்காதா என்ன? சின்ன வேலைகளில் இந்தத் துளி தெரியாது. பெரிய வேலைகளில் ஜோடி இரண்டையும் நானே செய்தேன். எங்கேயாவது சேராமல் போனபோது அடுத்த பட்டறைக்காரன் மேல் பழி போட்டிருக்கிறேன். அதுவும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏழுமலையை ஸ்டூலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் வெட்டிய மரை, ஜெர்மன்காரர், முப்பத்தாறு துளி, கடைசியில் கண்ணையும். புல்லி ஏன் கெட்டது என்பதையும். அவர் சாக்கைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தட்டை ஏற்றினேன். எண்ணை 180.36-இல் நிறுத்தித் துளைத்தேன். தெரிந்தே தப்பாகத் துளைப்பது அதுதான் முதல் தடவை. மூணு மணி ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

நானும் அவரோடு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். தட்டைப் பின்களுக்கு நேராகப் பிடித்துக் கட்டை விரலால் அழுத்தினார். இரண்டும் ஒன்றாக உள்ளே போயின. மெஷின் ஓடியது, அரை மூட்டை உடைந்து விழுந்தது. பிறகு அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். "கண்ணு மங்கனா மங்கட்டும் மேஸ்திரி. அந்த நம்பரைப் பட்டறை செவுத்துல பெருசா எழுதி வைங்க. நாளைக்கு நீங்க இல்லன்னாலும் எம் புள்ளைக்கு வேணும்."

எழுதி வைத்திருக்கிறேன், மஸ்தான் பாய் இப்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் டீ குடிக்கிறார்; தப்பு செய்யாதவன் எந்த ஊரிலும் இல்லை, ஆனால் தன் தப்பு எவ்வளவு என்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சுத்தமாகச் சொல்லக்கூடியவன் இந்த மலையைச் சுற்றி நான் ஒருவன்தான்.