மில்யானாவின் மிஸ்டு கால் வண்டி

மில்யானாவை "பிரோட் தந்த தொழில்முனைவர்" என்று யாராவது புகழ ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அப்படித்தான் எழுதினான். அவள் யார் என்று நான் சொல்கிறேன். என் பெயர் திஹொமிர். எங்கள் பிரோட் நகரத்திலிருந்து மலைமேல் ஊர்களுக்குப் போகும் வெள்ளை வேன் என்னுடையது.

மில்யானா நிஷ் நகரத்தில் கணினி படித்தவள். மணவாழ்க்கை முறிந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி, கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துப் பிழைத்துவந்தாள். வாய் கொஞ்சம் நீளம். பாலாடைக்கட்டிக் கடையில் எடை குறைந்தால் தெருக்கோடி வரை அவள் குரல் கேட்கும். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

லாபமில்லை என்று சொல்லி மலைக்குப் போகும் பேருந்தை நிறுத்தினார்கள். அதன்பிறகு எல்லோரும் என் வேனை நம்பித்தான் இருந்தார்கள். எங்கள் மலைக்காரர்கள் போனில் பேசிக் காசைக் கரைக்க மாட்டார்கள். என் போனில் ஒரு மணி மட்டும் அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு தடவை அடித்தால் "நாளைக்கு வருகிறேன், முச்சந்தியில் நிறுத்து" என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு தடவை என்றால் சாமானும் இருக்கிறது. தவறி எடுத்துவிட்டாலோ, "ஏன்டா எடுத்தே? என் காசு போச்சே!" என்று வசவுதான் விழும். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட என்னால் முடியவில்லை. வாரம் ஒருவரையாவது ரோட்டில் விட்டுவிட்டு வருவேன்.

"அண்ணே, உங்க மண்டையை நம்பினா ஊரு உருப்படாது. நான் ஒண்ணு பண்ணித் தரேன்" என்றாள் மில்யானா.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நாம் சொல்வதைக் கேட்டு நிரல் எழுதும் ஏஐ கருவியோடு மல்லுக்கட்டினாள். அது ஆப் செய்யலாம், மேப் வைக்கலாம், பாஸ்வேர்டு கேட்கலாம் என்று ஓயாமல் யோசனை சொல்லும். "பாஸ்வேர்டா? மேல் ஊர் பெர்சிதா அத்தைக்குக் கண்ணே சரியாத் தெரியல, அவங்க பாஸ்வேர்டு போடப்போறாங்களா?" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். இன்று சொன்னதை அது நாளை மறந்துவிடும். கடைசியில், வேலை தொடங்கும்போதெல்லாம் கருவி முதலில் படிக்க வேண்டிய பக்கம் ஒன்றை எழுதி வைத்தாள். "இங்கே துண்டித்த அழைப்புதான் அழைப்பு. பேசாதவர்தான் பயணி. எவரையும் பிழை என்று நீக்காதே." அதற்குப் பிறகு கருவி ஒழுங்காக நடந்துகொண்டது. மலைக்காரர்கள் மணி அடிக்கத் தனியாக ஒரு போன் எண் வாங்கி, அந்த நிரலோடு இணைத்தாள். தினமும் விடியும்போது எந்த ஊரில் யார் நிற்பார்கள், யாரிடம் மூட்டை என்று என் போனுக்கு வந்துவிடும். ரோட்டில் யாரும் நின்று ஏமாறவில்லை.

அப்போதுதான் தலைநகர் பெல்கிராடின் ஒரு கம்பெனியிலிருந்து ரெல்யா வந்து சேர்ந்தான். நல்ல ஷூ, நல்ல பல். "இதெல்லாம் சேவை எட்டாத சந்தை. இங்கதான் அடுத்த வாய்ப்பு" என்றான். நாங்கள் எங்கேயும் ஓடிப்போகவில்லை, இங்கேயேதான் இருந்தோம். அவர்கள் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். கம்பெனி அவளுடைய நிரலையும், மலை முழுக்கத் தெரிந்த அந்தப் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டது. அவளுக்கு மாதச் சம்பளம். மற்ற மலைகளுக்கும் இதைக் கொண்டுபோவோம் என்று வாக்குறுதி வேறு. அன்று அவள் வீட்டில் ராக்கியா பழச்சாராயம் ஊற்றினாள். நானும்தான் குடித்தேன்.

ஒரு மாதம் போயிருக்காது, ரெல்யா போன் செய்தான். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மில்யானா, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் பக்கம் வெச்சா நாம எப்ப வளர்றது? எல்லா இடத்துக்கும் ஒரே செட்டப். உங்க பழைய பக்கத்தைத் தூக்கிடுங்க."

"அது இல்லாட்டி இது குழம்பிடும், ரெல்யா."

"குழம்பாது. எங்க ஆளுங்க நாலு நாட்டுல ஓட்டிட்டு இருக்காங்க."

வெகுநேரம் சண்டை போட்டாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, தன் கையாலேயே அதை நீக்கினாள்.

கம்பெனியின் புதுப் பக்கத்தைப் படித்து நிரலைத் திருத்திய கருவி, பேச்சே இல்லாமல் துண்டித்த அழைப்புகள் மலைபோலக் குவிந்திருப்பதைப் பார்த்தது. குப்பை என்று ஒதுக்கியது. திரும்பத் திரும்ப அடித்தவர்களைத் தொந்தரவுக்காரர்கள் என்று அடைத்துவிட்டது. என் போனுக்கு வரும் பெயர்கள் குறைந்தன. பனி அதிகம், சனங்கள் வீட்டோடு இருக்கிறார்கள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாமென்கோ ஓய்வுபெற்ற வனக்காவலர். சர்க்கரை நோய். காலில் இருந்த புண் கறுக்க ஆரம்பித்ததும் ஒரு மணி அடித்துவிட்டு, மறுநாள் காலை முச்சந்தியில் போய் நின்றிருக்கிறார். நான் போகவில்லை. அன்றைக்கும் மணி அடித்தார், மறுநாளும் போய் நின்றார். அப்போதும் நான் போகவில்லை. கடைசியில் யாரோ டிராக்டரில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் அவர் கோபப்படவே இல்லை. "மணி அடிச்சேனே, திஹொமிர். அடிச்சா நீ வந்துருவியே" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

மில்யானா அன்றே நிரலைத் திறந்து பார்த்தாள். மேல் ஊர்களில் முக்கால்வாசிப் பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். காபிக் கோப்பையைச் சுவரில் எறிந்தாள். "நான்தான் அண்ணே அழிச்சேன். இந்தக் கையாலதான்" என்றாள்.

அந்த வாரமே நிஷ் நகரத்தில் முதலீட்டாளர் கூட்டம். அவளை மேடையில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று கம்பெனி கூப்பிட்டிருந்தது. வண்டியை நான்தான் ஓட்டினேன். அங்கே ரெல்யா பெரிய திரையில், "தொந்தரவு அழைப்புகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை" என்று காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மைக்கை அவளிடம் கொடுத்தான்.

"நீங்க கை தட்டினீங்களே, அந்தத் தொந்தரவுதான் எங்க ஊரு" என்றாள். "அதை அடைச்சதுல ஒரு மனுஷனுக்குப் பாதி பாதத்தை வெட்டிட்டாங்க."

ரெல்யா அவசரமாகக் கிட்டே வந்தான். "ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா இது ஏதோ ஒண்ணு ரெண்டு இடத்துல..."

"நம்பரைத் திருப்பிக் குடு."

"அது கம்பெனி சொத்து, மில்யானா. நிதானமா பேசுங்க."

"சொத்தாடா அது? அது எங்க உசுரு!" என்று பின்வரிசையிலிருந்து நான் கத்தினேன். காவலாளி என்னை முறைத்தான்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அந்தப் பெரியவர் ஏன் போன்ல பேசலை?"

மில்யானா அவரையே பார்த்தாள். "வாயைத் திறந்தாத்தான் நீங்க மனுஷன்னு எண்ணுவீங்கன்னு அவருக்குத் தெரியாதுங்க" என்றாள். மைக்கை மேடையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

எண்ணைத் தரவில்லை. வேலையை விட்டாள். தன்னிடமிருந்த நிரலின் பழைய நகலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திரும்ப முதலில் வைத்து, புது எண்ணில் வண்டியை ஓட்டத் தொடங்கினோம். கம்பெனி வக்கீலை வைத்து மிரட்டியது. "வரச் சொல்லுங்க, நம்ம வேன்லயே கூட்டிட்டு வருவோம்" என்றாள். வீடு வீடாக ஏறி, ஒவ்வொருவர் போனிலும் புது எண்ணைப் பதிந்தோம். ஆனால் பழக்கப்பட்ட விரல் சும்மா இருக்குமா? இன்றைக்கும் சிலர் பழைய எண்ணுக்கே அடித்துவிட்டு முச்சந்தியில் நிற்கிறார்கள்.

ஸ்டாமென்கோவை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நாங்கள் மருத்துவமனை வாசலிலேயே வண்டியோடு நின்றோம். உள்ளே போய் அழைத்துவரலாம் என்றேன். மில்யானா தலையாட்டி மறுத்தாள். "அவரு அடிக்கட்டும் அண்ணே."

அவள் கையிலிருந்த புது எண் போன் ஒலித்தது. ஒரு மணி, நின்றுவிட்டது. நான் சாவியைத் திருகினேன். "இருங்க" என்றாள். இன்னொரு முறை ஒலித்து நின்றது.

சாமான் இருக்கிறதாம். நான் இறங்கிப் போய், ஊன்றுகோல்கள் வைக்கப் பின்சீட்டை மடக்கினேன்.