ஏழுமலைக்கு அனுப்பிய காலை நம்பர்

இன்று காலை ஏழுமலைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எனக்கு 118. உனக்கு இன்னாய்யா? பயந்துக்கினு இன்னும் குத்தலியா?" கூடவே நாக்கை நீட்டும் பொம்மை நாலு.

பதில் அவர் மகள் செல்வியிடமிருந்து வந்தது. "மாமா, அப்பா தவறிட்டாங்க. நெஞ்சு வலி. விடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அந்தப் பொம்மைகளை அழிக்கத் தெரியாமல் ரொம்ப நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தேன்...

சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி மில் எடைமேடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். மரவள்ளி லோடு வந்தால் அவர் எடை பார்ப்பார், நான் டிரைவர்களிடம் கத்துவேன். ரிட்டயர் ஆனபோது ரெண்டு பேருக்கும் மிஞ்சியது சுகர்.

என் மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பெங்களூரில் இருக்கும் பையன் சுகர் பார்க்கிற மெஷினை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். முதல் நாள் ஊசிப் பேனாவை விரலில் வைத்து அமுக்கினேன். 'டிக்' சத்தத்துக்கே கையை இழுத்துக்கொண்டேன். ரத்தம் வரவில்லை, வேர்வைதான் வந்தது.

அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஏழுமலையும் ஒன்று வாங்கினார். அதிலிருந்து தினமும் போட்டி. யாருக்கு ஜாஸ்தியோ அவருக்கு அன்று முழுக்க கிண்டல்.

ஒருமுறை கரியாலூரிலிருந்து வந்த சொந்தக்காரர் தேன் கொடுத்தார். பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு அப்படியே குத்திப் பார்த்தேன்.

431.

உடனே ஏழுமலைக்குப் போன் அடித்தேன்.

"யோவ், நான் போறேன்யா... பையனுக்குச் சொல்லிடு."

"போறதுக்கு முன்ன கைய கழுவுனியா?"

"இல்ல... தேன் ஊத்திக்கினு இருந்தேன்."

"சோப்பு போட்டுக் கழுவிட்டு இன்னொரு தபா குத்து. நான் லைன்லயே இருக்கேன்."

126.

"சுகரு உனக்கு இல்லய்யா, தேனுக்கு. மாத்திரைய பாட்டிலுக்குப் போடு!"

மில் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "அண்ணே, கை கழுவிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

இன்று சாயங்காலம் ஏழுமலையை எடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது செல்வி பக்கத்தில் வந்தாள்.

"உங்க நம்பர் வந்தாதான், மாமா, அப்பா காபியே குடிப்பாரு. லேட்டானா, 'அந்த ஆளுக்கு இன்னா ஆச்சோ'ன்னு வூட்டுக்குள்ளயே நடந்துக்கினு இருப்பாரு. நீங்க விட்டுடாதீங்க, தினமும் பாருங்க."

சரி என்று தலையை ஆட்டினேன்.

போய் வாய்யா ஏழுமலை.

கள்ளக்குறிச்சி டாக்டர் போன பொங்கலுக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார், "நல்லா கட்டுக்குள்ள இருக்கு, தினமும் குத்த வேணாம், வாரம் ஒரு தடவ பார்த்தா போதும்" என்று. உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நம்பர் இல்லாமல் காலையில் உன்னை வேறு எந்தச் சாக்கில் கூப்பிடுவது?