கனடாவுக்குத் தெரியாமல்

சில வருடங்களுக்கு முன் சண்டிலிப்பாயில், முதியவர்களை மருத்துவக் காப்புறுதியில் சேர்க்க ஓர் அம்மா வீடுவீடாகச் சைக்கிளில் வந்தார். அவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். நரைத்த கொண்டை, வெயிலில் கறுத்த கைகள். படிவத்தை நீட்டுமுன் தன்னுடைய காப்புறுதி அட்டையை எடுத்துக் காட்டுவது அவர் வழக்கம்.

என் அயல்வீட்டுப் புகையிலைத் தோட்டக்காரர் எழுபது கடந்தவர். நான் பக்கத்தில் நிற்க, முழங்காலைத் தடவியபடியே மறுத்தார்.

"மகன் கனடாவிலை இருக்க நான் உதிலை சேர்ந்தால், பெடியன் பார்க்கிறானில்லை எண்டு சனம் கதைக்கும், பிள்ளை."

"அவர் பார்ப்பார், அண்ணை. உந்த முழங்கால் நோவை அவருக்குச் சொன்னனீங்களோ?"

கிழவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"பிள்ளையளிட்டைக் காசு கேக்கக் கூச்சப்பட்டு நோவை மறைக்கிறம். அதுக்குத்தான் உது."

"நீர் கோட்டிலை வாதாடுற பெரிய அப்புக்காத்துதான்," என்று சிரித்துக் கையெழுத்து வைத்தார். "ஆனால் மகனுக்குத் தெரியவேண்டாம்."

வாசல் படலையடியில் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "நீங்கள் சேர்ந்தது உங்கடை பிள்ளையளுக்குத் தெரியுமோ, அக்கா?"

"அவைக்கு ஏன் வீண் யோசனை, தம்பி?" என்றபடி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு அவரை நான் காணவில்லை. லண்டனிலிருந்து என் மகள் தொலைபேசியில் சுகம் விசாரிக்க, "எனக்கொரு குறையுமில்லை" என்று சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.