சீட்டில் விழாத பதினோரு கற்கள்

குன்னத்திலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஹாலோ பிளாக் பட்டறை போட்டவன் நான். அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம், ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. தண்ணீர் வராது என்ற இடத்தில் போர் போட்டேன், வந்தது. லாரி வாங்கினேன், மாடி எடுத்தேன். கல்யாணத்தோடு நின்றுபோன மருமகளின் படிப்பைப் பெரம்பலூர் கல்லூரியில் மறுபடி தொடங்கி வைத்ததும் நான்தான்.

அவள் எடுத்தது புள்ளியியல். சாயங்காலமானால் நோட்டை விரித்துக் கணக்குப் போடுவாள். கருதுகோள் சோதனை, நம்பிக்கை இடைவெளி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

"என்னம்மா, பல்பு பத்தியே எத்தனை கணக்கு?"

"ஆயிரம் மணி நேரம் எரியும்னு கம்பெனிக்காரன் சொல்றான் மாமா. கொஞ்சம் பல்ப எரிச்சுப் பாத்து, அவன் சொல்றத நம்பலாமான்னு சொல்லணும்."

"எல்லாத்தையும் எரிச்சுப் பாத்துட வேண்டியதுதான?"

"அப்புறம் எத விக்கிறது?"

கடைசி வருடம், சொந்தமாக ஏதாவது அளந்து ஆய்வு செய்து வரச் சொன்னார்கள். "நம்ம கல்லு இருக்கையில பல்பு எதுக்கு? நாலு இஞ்சு கல்லு பத்து கிலோன்னு போர்டுல போட்டிருக்கேன், சோதிச்சுப் பாரு" என்றேன். யோசனை என்னுடையது. இதை யாரும் மறுக்க முடியாது.

முந்நூறு கல்லுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டாள். டப்பாவில் சீட்டுக் குலுக்கி முப்பது எடுத்தாள். "இந்த நம்பர் கல்ல மட்டும் தனியா அடுக்கி வைங்க மாமா, காலைல எடை போடுறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுக்கும்போது பார்த்தேன். பதினோரு கல் சரியில்லை. மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் அசந்துபோய்ப் போட்டவை, முனை உதிர்ந்து, கலவையைச் சரியாகக் குத்தி இறுக்காததால் பொக்கென்று இருந்தன. லோடு ஏற்றும்போது நல்ல கல்லை மேலே வைத்துப் பழகிய கை இது. விருந்தாளிக்குக் கிழிந்த பாயையா விரிப்போம்? பதினொன்றையும் ஒதுக்கிவிட்டு நல்லதாகப் பதினொன்று எடுத்து வைத்தேன். அதே நம்பரை அழகாக எழுதியும் விட்டேன்.

எடை பிரமாதமாக வந்தது. சராசரி எந்த இரண்டு எடைக்குள் இருக்கும் என்று அவள் போட்ட இடைவெளி ஒடுக்கமாக இருந்தது, அதன் நடுவில் என் பத்து கிலோ. டீக்கடையில் ஒரு வாரம் அதைத்தான் பேசினேன்.

வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் கேட்டாராம்: "கையால போடுற கல்லு முப்பதும் ஒரே மாதிரி வருமாம்மா? வீட்ல உக்காந்து எழுதுனதா?"

"இல்லைங்க சார், சீட்டுப் போட்டு எடுத்தது."

அவர் நம்பவில்லை. பாஸ் மார்க் மட்டும் போட்டார். திருச்சியில் மேல்படிப்புக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்த அவளுடைய வாத்தியாரும் "பாக்கலாம்" என்றுவிட்டார்.

சோறு போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னவள் கடைசியில் கேட்டாள்: "நான் பொய் எழுதலைன்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா?"

"தெரியும்மா."

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது இன்றைக்கும் அறுக்கிறது. நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் பட்டறையில் வைத்துச் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "எத்தனை கல்லு?" என்றாள்.

"பதினொன்னு."

"எந்தெந்த நம்பர்?"

தெரியவில்லை. "நல்ல கல்லு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும் மாமா. கெட்டதும் சேந்து எப்படி இருக்குன்னு பாக்கத்தான இவ்வளவு நாளா கணக்குப் போட்டேன்?"

மறுபடி சீட்டுப் போட்டாள். இந்தத் தடவை அவளே சுமந்தாள், என்னைக் கிட்டே விடவில்லை. இடைவெளி அகலமாக வந்தது. பத்து கிலோ அதற்குள் அடங்கவில்லை, என் கல் எடை குறைவுதான். போர்டை நானே அழித்தேன்.

போட்ட மார்க் இனி மாறாது. புதுசாக எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதம் பற்றிச் சொல்கிறேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறாராம். நாளைக்குக் கொண்டுபோகிறாள். முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாத்தியாருக்கு நன்றி, அவள் வீட்டுக்காரனான என் மகனுக்கு நன்றி. என்னைக் காணோம்.

"உங்களப் பத்தி எழுதுனா அதையும்ல எழுதணும்? ஊருக்குள்ள உங்களுக்குத்தான் அசிங்கம்" என்கிறாள்.

அசிங்கம் என்னோடு இருக்கட்டும். கல் என்னுடையது, யோசனை என்னுடையது, பதினொன்றை மாற்றிய கையும் என்னுடையது. மூன்றையும் என் பேர் போட்டு எழுத வேண்டும். முதல் இரண்டுக்கு இடம் இல்லையென்றால் போகட்டும், மூன்றாவதை வாத்தியார் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் எழுதியாக வேண்டும்.