சுவருக்கு அந்தப் பக்கம் மெம்பர் வீடு

போன பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன்.

எங்கள் பிரதேச சபை மெம்பர் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என்னோடு கொழுந்து பறித்தவர். புருஷனிடம் அடிபட்டுக் கண் வீங்கி மலைக்கு வரும் பெண்ணைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. அதைப் பேசியே சபைக்குப் போனார். அடிபட்ட பெண்கள் ராத்திரியில் வந்து தங்க, பகலில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து வைக்கச் சொல்லித் தோட்ட மேனேஜர் துரையோடு மல்லுக்கு நின்று சாதித்தார். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுத வைத்தார்.

லயத்தில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவோம். அடுத்த வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறோமாம்! அவர்தான் அதை மாற்றினார். அடி சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டில் தட்டுங்கள், ஒருத்தி தட்டினால் லயமே தட்டட்டும் என்றார். ஆம்பளைகளுக்கு ஒரே சிரிப்பு.

"என்னா தட்டு மெம்பரு, சோத்துக்கா வந்தீங்க?"

"ஆமாண்டா, பொண்டாட்டிய அடிக்கிற கைய ஆக்கித் திங்க வந்தேன்" என்பார் அவர்.

அந்த ஞாயிறு அவர் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பளாரென்று ஓர் அறை. பிறகு அவர் மருமகளின் குரல்.

"வயித்துல வேணாங்க, வயித்துல வேணாங்க!"

அவள் பிள்ளைத்தாய்ச்சி. அடிப்பது மெம்பரின் ஒரே மகன். தட்டினால் தேர்தல் நேரத்தில் மெம்பர் பேர் நாறிவிடும். தட்டாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள்? சோற்றைக் கொட்டிவிட்டு, வாசலில் நின்று கரண்டியால் தட்டத் தொடங்கினேன். உள்ளே சத்தம் அடங்கியது.

எல்லோரும் தட்டோடு ஓடி வந்தார்கள். யார் வீடு என்று தெரிந்ததும் அத்தனை கையும் நின்றுவிட்டது. நான் ஒருத்திதான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் மாலையோடு மெம்பர் படியேறி வந்தார். பின்னால் கட்சிக்காரர்கள். மகன் கதவைத் திறந்தான்.

"அம்மா, இது நம்ம வீட்டு விசயம். அந்தக் கெழவிய நிப்பாட்டச் சொல்லு."

கட்சிக்காரர் ஒருவர், "அக்கா, வர்ற வாரம் ஓட்டு. உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்குவோமே" என்றார்.

அவர் நேராக என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "குடுங்கக்கா" என்று தட்டையும் கரண்டியையும் பிடுங்கினார். மகன் முகத்துக்கு நேரே போய் நின்று ஓங்கித் தட்டினார்.

"எவ வீடுன்னு பாத்தா தட்டச் சொன்னேன்? தட்டுங்கடி!"

லயமே அதிர்ந்தது. அவர் போனை எடுத்துப் பொலிஸோடு சிங்களத்தில் பேசினார். அடித்தது யார் என்று கேட்டிருப்பார்கள் போல. "மகே புத்தா" என்றார். என் மகன்தான் என்று. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

பொலிஸ்காரர்கள் வந்து மகனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மாலையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் அவர். வயிற்றுப் பிள்ளை பிழைத்தது.

தேர்தலில் தோற்றார். "பெத்த மகனையே புடிச்சிக் குடுத்தவளுக்கா ஓட்டு?" என்று பெண்களே சொன்னதைக் கேட்டு அதிர்ந்தேன். மகன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. மருமகளும் பேத்தியும் அவரிடம்தான் இருக்கிறார்கள்.

அன்று அவர் ஓங்கித் தட்டியதில் என் தட்டின் விளிம்பு நசுங்கிவிட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். சோறு பிசையும்போது அந்த இடத்தில் விரல் பட்டால், பெற்ற மகனுக்கென்று தனி நியாயம் வைக்காத ஒரு தாயைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் என்று நெஞ்சு நிமிர்கிறது. கூடவே அந்த உடைந்த குரலும் காதில் விழுந்து, உடம்பு சில்லிட்டுப் போகிறது.